பதினோராவது டோஸ்

குப்பியின் மேல் பத்து டோஸ் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே பதினொன்று இருந்தது. நித்யா மேரிக்கு வந்த வினை அவ்வளவுதான். அதை எடுத்து ஒரு மனுஷிக்குப் போட்டதில்கூடத் தப்பில்லை. போட்டதை நோட்டில் எழுதினாள் பாருங்கள், அதுதான் தப்பு.

தடுப்பூசிக் குப்பியில் மருந்து அடைக்கிறவர்கள் ஒரு துளி தாராளமாகத்தான் அடைப்பார்கள். சிரிஞ்சில் ஒட்டும், குமிழி தட்டும்போது சிந்தும் என்று அந்தத் தாராளம். கை நிதானமான நர்ஸாக இருந்தால், பத்துப் பேருக்குப் போட்ட பிறகும் அடியில் இன்னொரு அரை மில்லி நிற்கும். கீரப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் இது தெரியாத நர்ஸே கிடையாது. விவரமானவர்கள் அதைப் பஞ்சில் பீய்ச்சிவிட்டுக் குப்பியைப் போட்டுவிடுவார்கள். பத்து கொடுத்தார்கள், பத்து எழுதினோம், பஸ் பிடித்து வீட்டுக்குப் போனோம். நித்யா மேரிக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். இன்னும் விவரம் வந்தபாடில்லை.

இரண்டாவது அலை வருகிறது, வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதம் அது. சின்னநத்தம் துணை சுகாதார நிலையத்தில் அன்றைக்கு ஒரு குப்பி, பத்துப் பேர். பத்தும் முடிந்து நிமிர்ந்தபோது, நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் ராஜாமணி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயசு. கீழத்தெருக்காரி.

"ராஜாமணிக்கா, இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. போட்டுக்கிறியா?"

"போட்டுக்கலன்னா இன்னா பண்ணுவ?"

"கொட்டணும்."

"கீழ கொட்டறத எங்கையில கொட்டு. எம்மாஞ் சாமான் வீணாப் போவுது ஊருல" என்று ராஜாமணி முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

போட்டாயிற்று. நோட்டில் பதினோராவது வரியில் ராஜாமணி பெயர், வயசு, ஆதார் எண் எல்லாம் ஏறியாயிற்று. நித்யா மேரி அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு சிதம்பரத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

இதில் நிஜமாகவே ஒரு நல்லது நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். கீழத்தெருவில் அதுவரை ஒரு ஆள் ஊசி போட்டுக்கொண்டதில்லை. போட்டால் ரெண்டு வருஷத்தில் சாவு என்று செல்போனில் எவனோ பேசி அனுப்பியதை அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருந்தது. தெருவில் எடுபடுகிற பேச்சு ஆண்டியின் பேச்சு. ஆண்டி ராஜாமணியின் அண்ணன், அறுபத்தொரு வயசு. பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகு வயல் மோட்டார் கொட்டகையிலேயே குடியிருந்து, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைத் தீர்மானிக்கிறவர். தண்ணீரில் ஒருநாளும் ஓரவஞ்சனை செய்ததில்லை என்பதால் மற்ற விஷயங்களிலும் அவர் சொன்னால் சரி என்று தெரு நம்பியது. நித்யா மேரி அவரைத் தேடி வரப்பில் ஏழு தடவை நடந்திருந்தாள். ஏழு தடவையும் மோர் கொடுத்து, "ஊசி வேணாம்மா, நீ போய்ட்டு வா" என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்.

தங்கச்சி ஊசி போட்டுக்கொண்டு வந்து ரெண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து உளுந்து அடிக்கப் போனாள். பத்து நாளாகியும் சாகவில்லை. எட்டாவது தடவை நித்யா மேரி போனபோது ஆண்டி கொட்டகை வாசலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"இத்தோட எட்டு தரம் நடந்துட்ட. ஒன்பதாந் தரமும் இந்த வெயில்ல ஒன்ன நடக்க வச்சா எனக்குத்தான் பாவம். வர்ற வியாழக்கெழம வா. நான் போட்டுக்கறேன். என் கூட்டாளி பக்கிரியும் போட்டுக்கறன்றான். ஆக மொத்தம் பத்துப் பேரு. எழுதிக்க."

அந்தப் பத்துப் பெயரையும் எழுதிக்கொண்டு வரப்பில் திரும்பும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பத்துப் பேர் போட்டால் மிச்சத் தெருவும் போட்டுவிடும். அலை வந்து சேர்வதற்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை மெமோ வந்தது.

அனுப்பியது தடுப்பூசி இருப்புச் சரிபார்ப்புச் சிறப்புப் பிரிவு. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இயங்குவது. தடுப்பூசி வேகமாகப் போடப்பட வேண்டும் என்பதற்காக, போடப்படும் ஒவ்வொரு ஊசியையும் நிறுத்தி வைத்துப் பார்க்க உருவாக்கப்பட்டது. 'பத்து டோஸ் கொண்ட குப்பியிலிருந்து பதினொரு நபர்களுக்குச் செலுத்தியதாகப் பதிவாகியுள்ளது. உபரி டோஸ் எங்கிருந்து பெறப்பட்டது என்பதற்கு நேரில் விளக்கம் தரவும். விளக்கம் ஏற்கப்படும் வரை தங்கள் துணை நிலையத்தின் இருப்பைத் திறக்கக் கூடாது.' இருப்பு என்பது அவளுடைய குளிர்பெட்டியில் இருந்த ஒரே ஒரு குப்பி. கீழத்தெருவுக்கென்று வாங்கி வைத்தது.

வியாழக்கிழமை கீழத்தெருவுக்குப் போக வேண்டியவள் கடலூர் பஸ்ஸில் போனாள். மாடிப்படி முடிகிற இடத்தில், காலால் மிதித்தால் கைக்குக் கிருமிநாசினி வரும் ஸ்டாண்டு இருந்தது. மிதித்தாள். எதுவும் வரவில்லை. "காலியாகி மூணு வாரம் ஆச்சு. ஆனா மெதிக்காம உள்ள போவக் கூடாது, மெதிச்சவங்கள எண்ணி சாயங்காலம் அனுப்பணும்" என்றார் வாட்ச்மேன். நித்யா மேரி எண்ணப்பட்டு உள்ளே போனாள்.

சூப்பரின்டெண்ட் சபாபதி ஒரு படிவத்தை நீட்டினார். அதில் குறைவு என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். வேறு கட்டம் இல்லை.

"சார், எனக்கு ஜாஸ்தி வந்துருக்கு. அதுக்குக் கட்டம் காணமே?"

"ஜாஸ்தின்னு யாரும் இதுவரைக்கும் வந்ததில்லம்மா. நீங்க குறைவுல டிக் பண்ணி, எவ்ளோன்ற எடத்துல மைனஸ் ஒண்ணுன்னு போடுங்க."

"மைனஸ் ஒண்ணு கொறைவுன்னா அது ஜாஸ்திதான சார்?"

"கணக்கு எனக்கும் தெரியும். கட்டத்துக்குள்ள எழுதுங்க."

எழுதினாள். சபாபதி வாங்கிப் பார்த்துவிட்டு, இது போதாது, மூன்று இணைப்புகள் வேண்டும் என்றார். ஒன்று, காலிக் குப்பி காலியாகத்தான் இருக்கிறது என்று வட்டார டாக்டர் தரும் சான்று. இரண்டு, பத்துப் பேருக்கும் முழு டோஸ்தான் போனது என்று அந்தப் பத்துப் பேரும் தரும் வாக்குமூலம். மூன்று, தனக்கு ஊசி போடப்படவில்லை என்று ராஜாமணி தரும் வாக்குமூலம்.

"போட்டுருக்கு சார்."

"போட்டுருக்குன்னு சொல்றது நீங்க. போடலன்னு அந்தம்மா எழுதிக் குடுத்துட்டா பதினொண்ணு பத்தாயிடும். ஃபைல குளோஸ் பண்ணிடலாம். நாளைக்கே பெட்டியத் தொறந்துக்கங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சனிக்கிழமை ராஜாமணியிடம் கேட்டபோது அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "கை வீங்கி ரெண்டு நாளு கெடந்தது பொய்யா? காய்ச்சல்ல பொலம்புனது பொய்யா? கொட்டறத வாங்கிக்கிட்டேன், அதுக்கு இப்ப வாங்கலன்னு கைநாட்டு வைக்கணுமா? தெருவே என்னயப் பாத்துத்தான், நர்சம்மா, கௌம்பியிருக்கு. நானே போடலன்னு எழுதுனா அப்பறம் எவன் வருவான்?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. குப்பிச் சான்று வாங்க நாலு நாள் ஆயிற்று. பத்துப் பேரில் ஒருவர் சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார், அவருடைய வாக்குமூலம் தபாலில் வர ஐந்து நாள் ஆயிற்று. இதற்குள் கீழத்தெருவிலிருந்து ரெண்டு தடவை ஆள் வந்து என்றைக்கு ஊசி என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் கெஞ்சிய காலம் போய், ஊசி போடச் சொல்லி அவர்கள் கேட்கும் காலம் வந்திருந்தது. அவள் வரப்புப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

ராஜாமணியின் வாக்குமூலம் இல்லாமல் மற்ற ரெண்டு இணைப்புகளோடு செம்மண்டலம் போனபோது அலுவலர் ஞானசேகரனே அவளை உள்ளே கூப்பிட்டார். முப்பது வருஷம் மண்ணெண்ணெய்க் கணக்கில் இருந்து பழுத்தவர். கொரோனா வந்ததும், நீர்ப்பொருள் கணக்கில் அனுபவம் உள்ளவர் என்று தடுப்பூசிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருந்தார், பேசுவதற்கு வசதியாக.

"பாரும்மா. நான் முப்பது வருஷம் பேரல் பாத்தவன். ஒரு பேரலத் தொறந்தா கொறையும். அது இயற்கை. ஆவியாப் போவும், ஒழுவும், அளக்கறப்ப சிந்தும், சமயத்துல ஆபீஸருங்க வீட்டுக்கும் போவும். அதுக்கெல்லாம் ரூல் இருக்கு, பர்சென்டேஜ் இருக்கு. கொறைஞ்சா நான் பயப்படவே மாட்டேன். ஆனா ஜாஸ்தியாச்சுன்னா? முப்பது வருஷத்துல ஜாஸ்தியான பேரல் ரெண்டே ரெண்டுதான். ரெண்டுலயும் தண்ணி."

"நான் ஊசி மருந்துல தண்ணி ஊத்துனேன்னு சொல்றீங்களா சார்?"

"நான் சொல்லல. கணக்கு சொல்லுது."

"சார், எல்லாக் குப்பியிலயும் அந்தச் சொட்டு இருக்கு. எந்த நர்ஸ வேணா கேளுங்க. எழுதுறதில்ல, அவ்ளோதான். நீங்க வேணா என் மேல நடவடிக்க எடுத்துக்கங்க. ஆனா அந்த ஒத்த டோஸப் பாத்துட்டுத்தான் ஒரு தெருவே சம்மதிச்சுருக்கு. பத்துப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. பக்கத்து ஊருல காய்ச்சல் வந்துருச்சு. பெட்டிய மட்டும் தொறக்க வுடுங்க சார்."

ஞானசேகரன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார்.

"இப்ப நீங்க சொன்னத நான் எழுதுனா என்ன ஆவும் தெரியுமா? ஒரு முறைகேட்டால பத்துப் பேரு பயனடையப் போறாங்கன்னு ஆவும். அந்தப் பத்துப் பேரும் கேஸ்ல வருவாங்க. ஒங்க நல்லதுக்காக அத நான் காதுல வாங்கல. மக்கள் உயிர் நமக்கு முக்கியம்மா. அதனாலதான் கணக்கில்லாம ஒரு சொட்டு வெளிய போவக் கூடாதுன்றோம். ஒண்ணு பண்றேன். ஒரு குழு போடறேன்."

அன்றைக்கு மத்தியானம் கடலூர் முதுநகரில் அம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா இன்னாசிமேரி சுடுசோற்றில் மீன் குழம்பை ஊற்றிவிட்டு, கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ அத எழுதாமத் தொலைச்சிருக்கலாம்" என்றாள். "ஆமாம்மா" என்றாள் மகள்.

குழு ஒரு வாரம் கழித்துச் சிதம்பரத்தில் கூடியது. கல்யாணங்களுக்குத் தடை என்பதால் ஒரு ஏசி கல்யாண மண்டபம் காலியாகக் கிடைத்தது. ஐந்து உறுப்பினர்கள். மேடையில் மணமக்கள் உட்காரும் சோபாவில் ஞானசேகரன் தலைமை ஏற்றார். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற உத்தரவை மதித்து, பத்தொன்பது பேர் உள்ளேயும் மிச்சம் இருபத்தேழு பேர் டைனிங் ஹாலிலும் கூடினார்கள். கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், பிறகு அதன் கசப்புக்குக் கேசரி கொடுத்தார்கள். வந்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையைத் தொட்டுப் போர்த்தக் கூடாது என்பதால் நாற்காலி முதுகில் போட்டார்கள்.

நித்யா மேரியை அன்று காலையில் ராஜாமணி போனில் கூப்பிட்டிருந்தாள். பக்கிரிக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். ஆண்டிதான் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். "கிட்டப் போவாதன்னு சொல்லுக்கா" என்றாள். "சொன்னேன், அவுரு யாரு பேச்சக் கேக்கறாரு" என்றாள் ராஜாமணி.

குழுவின் வேலை ஆராய்ச்சி. ஒரு குப்பியை எல்லார் முன்னாலும் திறந்து எத்தனை டோஸ் வருகிறது என்று பார்ப்பது. குற்றம் சாட்டப்பட்டவர் கை படக் கூடாது என்று சத்யப்பிரியா என்ற வேறொரு நர்ஸை எடுக்கச் சொன்னார்கள். சத்யப்பிரியா சர்வீஸுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, ஆனால் விவரம் வந்துவிட்டது. ஒவ்வொரு சிரிஞ்சிலும் குமிழி தட்டும் சாக்கில் துளித் துளியாகச் சிந்தி, கச்சிதமாகப் பத்து எடுத்துக் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினாள். உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

ஒரு ஆராய்ச்சி ஆராய்ச்சி ஆகாது, ரெண்டு வேண்டும் என்று ஒரு உறுப்பினர் எழுந்தார். ரெண்டாவதை அந்தம்மாவே எடுக்கட்டும் என்றார். நித்யா மேரி எடுத்தாள். பத்து சிரிஞ்சும் வரிசையாகத் தட்டில் படுத்தன. பதினோராவதையும் எடுத்து, அரை மில்லி கோட்டில் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

ஞானசேகரன் எழுந்து வந்து அருகில் நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் மேடைக்குப் போய் உறுப்பினர்களோடு தலையைச் சேர்த்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். மைக்கில் முடிவைச் சொன்னார்.

"முதல் குப்பியில் பத்து. இரண்டாவது குப்பியில் பதினொன்று. சராசரி பத்தரை. அரை டோஸ் என்று ஒன்று விதிகளில் கிடையாது. எனவே அரசுக்கு இழப்பு ஏற்படாத வகையில் இதைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கிப் பத்து என்று குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. இதன் மூலம் சம்பந்தப்பட்ட செவிலியர் தவறு செய்யவில்லை என்றும், பதினோராவது டோஸ் எதுவும் இருக்கவில்லை என்றும் நிரூபணமாகிறது."

எல்லாரும் கை தட்டினார்கள். நித்யா மேரியும் தட்டினாள். பழி போயிற்று என்ற ஆறுதல் அவளுக்கு. பிறகுதான் தட்டைப் பார்த்தாள். இருபத்தொரு சிரிஞ்ச். மேடைக்கு ஓடினாள்.

"சார், இத நான் எடுத்துக்கிட்டுப் போறேன். ஐஸ் பெட்டி கொண்டாந்துருக்கேன். கீழத்தெரு இங்கேருந்து வண்டியில இருவது நிமிஷம். காய்ச்சல் இல்லாதவங்களுக்கெல்லாம் போட்டுருவேன், மிச்சத்துக்கும் ஆளு பாத்துருவேன்."

"எப்படிம்மா போடுவீங்க? ஒங்க நிலையத்துல இன்னும் தடை நீங்கல. தீர்மானம் டைப் ஆயி, கையெழுத்தாயி, நிலையத்துக்கு ஆர்டர் வரணும். அது வரைக்கும் நீங்க போடறது எல்லாம் கணக்குல வராத ஊசி."

"அப்ப வேற யாராவது வந்து போடட்டும் சார்."

"இது ஊசி போடறதுக்கு எடுத்தது இல்லம்மா. ஆராய்ச்சிக்கு எடுத்தது. ஆராய்ச்சிச் சாமான மனுஷனுக்குப் போட்டா என்னய உள்ள தூக்கி வச்சுருவாங்க."

சபாபதி ஒரு பதிவேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். ரெண்டு உறுப்பினர்கள் சாட்சி. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் தொட்டியில் இருபத்தொரு சிரிஞ்சையும் ஒவ்வொன்றாக அழுத்தி வெறுமையாக்கினாள் சத்யப்பிரியா. அவள் முகமும் நன்றாக இல்லை. சபாபதி 'ஆய்வுப் பயன்பாடு: 20' என்று எழுதினார். பதினோராவது இல்லை என்று தீர்மானம் ஆகிவிட்டதல்லவா. விரயம் என்ற இடத்தில் பூஜ்ஜியம் போட்டார். நித்யா மேரி காலி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வாழைமரம் கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை.

டைப் ஆக ஒரு வாரம் ஆயிற்று. டைப் அடிப்பவருக்குக் காய்ச்சல்.

அந்த ஒரு வாரத்தில் கீழத்தெருவில் நடந்தது இவ்வளவுதான். பக்கிரிக்கு மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய், பெட் காலியாவதற்காக வாசலில் காத்திருந்தபோதே போய்விட்டார். ஆண்டிக்குக் காய்ச்சல் கண்டது. அவர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரையும் உள்ளே விடவில்லை. நித்யா மேரி கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு போய் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். ஆக்சிஜன் எழுபத்தொன்பது. "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். அவருக்குப் பேச மூச்சில்லை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் நாலு இடத்துக்குப் போன் செய்து, சண்டை போட்டு, ஒரு பெட் வாங்கினாள். நாலாம் நாள் விடியற்காலையில் ஆண்டி செத்துப்போனார். தெருவைத் தகரம் அடித்து மூடினார்கள்.

அதே நாள் பத்து மணிக்கு அவள் கடலூரில் இருக்க வேண்டியிருந்தது. தடை நீக்க ஆர்டரை நேரில்தான் தருவார்கள், அதுவும் விழாவில்தான் தருவார்கள் என்று சபாபதி போனில் சொல்லியிருந்தார். என்ன விழா என்று அவள் கேட்கவில்லை. போகாமலிருந்தால் ஆர்டர் இன்னும் பத்து நாள் தள்ளும். ஊரடங்கில் பஸ் இல்லை. பாஸைக் காட்டிக் காட்டி ஸ்கூட்டியிலேயே போனாள். வழியில் ரெண்டு இடத்தில் ஓரமாக நிறுத்தி அழுதாள்.

பூஜ்ஜிய விரயச் சாதனை விழா. பின்னால் பேனர். ஞானசேகரன் பேசினார்.

"நம் பகுதியில் சென்ற மாதம் ஒரு சொட்டுத் தடுப்பூசிகூட விரயமாகவில்லை. எப்படி இது சாத்தியமானது என்று எல்லாரும் கேட்கிறார்கள். குப்பியைத் திறப்பதால்தான் விரயம் வருகிறது என்பதை நாம் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தோம். பத்துப் பேர் வரிசையில் நிற்காமல் எந்தக் குப்பியையும் திறக்காதீர்கள் என்றோம். ஒன்பது பேர் வந்த இடங்களில் ஒன்பது பேரையும் திருப்பி அனுப்பிய செவிலியர்களை இந்த நேரத்தில் நன்றியோடு நினைக்கிறேன். அவர்களிலும் சிறப்பாக ஒரு நிலையம், இருபத்தாறு நாட்கள் பெட்டியையே திறக்கவில்லை. ஒரு நாள்கூட, ஒரு தடவைகூட. அந்தத் துணை நிலையம் முதல் பரிசு பெறுகிறது. சின்னநத்தம்!"

நித்யா மேரி எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி இடித்தாள். எழுந்து போனாள். கேடயத்தைக் கொடுத்தார்கள். அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டு ஒரு கவர் வந்தது. அதில்தான் ஆர்டர். மேடையிலேயே கவரைப் பிரித்துக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல" என்று முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேடயத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். சபாபதி பின்னாலேயே ஓடி வந்து ஸ்கூட்டியில் மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை கீழத்தெருத் தகரத்துக்கு உள்ளே ஒரு வேப்பமரத்தடியில் மேசை போட்டாள். மின்சாரத்துக்கு ராஜாமணி வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு டேபிள் ஃபேன். பட்டியலில் இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் வந்தார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒவ்வொருவராக வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

பத்துப் பேர் இல்லாமல் குப்பியைத் திறக்கக் கூடாது. அவள் திறந்தாள். எட்டுப் பேருக்கும் போட்டாள். திறந்த குப்பி நாலு மணி நேரம் தாங்கும். தெருவில் மிச்சம் இருந்த பெரியவர்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்து போயிருந்தது, அவர்களுக்கு இப்போது போடக் கூடாது. இளவட்டங்களுக்குப் போட இன்னும் உத்தரவு வரவில்லை. தகரத்துக்கு வெளியிலிருந்து ஆள் உள்ளே வரக் கூடாது. நாலு மணி நேரமும் அவள் மேசையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். ராஜாமணி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போயிற்று. ஒன்றே முக்காலுக்கு நோட்டைத் திறந்து, விரயம் என்ற இடத்தில் 2 என்று எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. ஞானசேகரன்தான்.

"என்னம்மா இது? நேத்துத்தான் கேடயம் வாங்குனீங்க. மாநிலத்துக்கே பூஜ்ஜியம்னு ரிப்போர்ட் போயாச்சு. இப்ப ரெண்டுன்னு அனுப்பறீங்க? அத அழிச்சுடுங்க."

"பேனாவுல எழுதிட்டேன் சார்."

"சரி, போவட்டும். காரணம்ன்ற எடத்த ஏன் காலியா வுட்டுருக்கீங்க? அதுல நாலு காரணம் குடுத்துருக்கோம். குப்பி உடஞ்சது, காலாவதி, போக்குவரத்துச் சேதம், மின்தடை. மின்தடைன்னு டிக் பண்ணிடுங்க. பழி கரண்ட் ஆபீஸ் மேல போயிடும், நம்ம மேல வராது."

"கரண்ட் போவல சார். இதோ ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"அப்ப என்னதாம்மா காரணம்?"

"ஒண்ணு ஆண்டிக்கு வச்சிருந்தது. இன்னொண்ணு பக்கிரிக்கு வச்சிருந்தது. ரெண்டு பேரும் இல்ல சார். செத்துட்டாங்க. அதான் காரணம். எழுதிக்கங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. மனுஷன் சுருக்கென்று உணர்ந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். ஒரு நிமிஷம் அவர் மேல் இரக்கம்கூட வந்தது. பேனா மூடி கழலும் சத்தம் போனில் கேட்டது. எழுதுகிறார். பிறகு ஞானசேகரன் கேட்டார்:

"இனிஷியல் சொல்லும்மா. வெறும் பேர வச்சு எதுவும் ஏத்த முடியாது."